எ.மு. என்று எழுதிய தட்டுகள்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சுருக்கெழுத்து உண்டு. எ.மு. 'எண்ண முடியவில்லை' என்பதைத்தான் சோம்பேறித்தனமாக அப்படி எழுதுவோம்.

கடற்கரையில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துவந்து, வடிதாளில் வடிகட்டி, அந்தத் தாளைச் சின்ன வட்டத் தட்டில் வைத்து ஒரு நாள் முழுக்க இன்குபேட்டரில் சூட்டில் வைத்தால், குடலில் வாழும் கிருமிகள் நீலப் புள்ளிகளாக முளைத்து நிற்கும். மனிதக் குடலோ மாட்டுக் குடலோ, புள்ளிக்கு அந்தப் பேதமெல்லாம் கிடையாது. நல்ல தண்ணீரில் பத்து, இருபது புள்ளி இருக்கும், எண்ணி எழுதுவோம். மழைக்குப் பிறகு எடுத்த தண்ணீரில் புள்ளிமேல் புள்ளி ஏறித் தட்டில் மையைக் கொட்டியது மாதிரி இருக்கும். அப்போது எ.மு. என்று எழுதிவிட்டு அடுத்த தட்டைக் கையில் எடுப்போம். அப்படி எழுதுவதில் ஒரு திருப்திகூட உண்டு. ஒரு தண்ணீரை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்தத் திட்டு யார் காதிலும் விழவில்லை என்பது ஒரு சாயங்காலம் கடற்கரையில்தான் தெரிந்தது. என் தங்கை அங்கே பிள்ளைகளுக்குக் கடல் நீச்சல் சொல்லித்தருகிறாள். கூப்பிட்டால் வீட்டுக்கு வரமாட்டாள், கடற்கரைக்குப் போனால்தான் அவளைப் பிடிக்க முடியும். முந்தின நாள்தான் அந்த இடத்துத் தண்ணீருக்கு நான் என் கையால் எ.மு. எழுதியிருந்தேன். போய்ப் பார்த்தால் மழைநீர்க் கால்வாய் கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில், டீ நிறத் தண்ணீரில், பிள்ளைகள் கும்மாளம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மணலில் எங்கள் அலுவலகப் பலகை. சிவப்பு என்றால் இறங்காதே, பச்சை என்றால் இறங்கலாம். பலகை பச்சையாகப் பல்லிளித்துக்கொண்டு நின்றது.

கோபம் எனக்கு மூக்கு நுனியில் என்று அம்மா சொல்வாள். அன்றைக்கு அது மூக்கிலேயே நிற்கவில்லை. மறுநாள் காலை நேராக அதிகாரியின் அறைக்குப் போனேன்.

அதிகாரி நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, நடப்பதை விளக்கினார். கணினியில் அந்தக் கட்டத்தில் எண் மட்டும்தான் ஏறும், எழுத்து ஏறாது. அதனால் எ.மு. வந்தால் தட்டச்சு செய்கிறவர் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவார். கட்டம் வெறுமையாக இருந்தால் கணினி போன வாரத்து எண்ணையே எடுத்துக்கொள்ளும். போன வாரம் வெயில். போன வாரம் பச்சை.

பலகையை நீங்களே திருப்பினால் என்ன என்று கேட்டேன். ஒரு தடவை திருப்பினாராம். கடற்கரை விடுதிக்காரர்கள் எல்லோரும் கூடி வந்து, எத்தனை கிருமி என்று கேட்டார்களாம். எண்ண முடியவில்லை என்றாராம். எண்ணத் தெரியாதவருக்கு எதற்கு ஆய்வகம் என்று சிரித்துவிட்டுப் போனார்களாம். மேலிடத்திலும் அதே கேள்வி வந்ததாம்.

"நம்பர் கொடும்மா," என்றார். "ஒரு பாட்டிலுக்கு வரம்பு இருநூறு. இருநூத்தி ஒண்ணுன்னு கொடு, அன்னிக்கே பலகையைத் திருப்பறேன். எழுத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?"

என் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. ஒரு தட்டில் நூறு புள்ளியைத் தாண்டினாலே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும், எண்ண முடியாது. வரம்போ இருநூறு. அதாவது எங்கள் முறைப்படி இந்தக் கடல் ஒரு நாளும் கெட்டுப்போக முடியாது. நூறுவரை சுத்தம், அதற்குமேல் மௌனம். இத்தனை படித்தவர்கள் கூடி, இத்தனை கருவிகளை வைத்துக்கொண்டு, எப்படி ஒரு ஏற்பாடு பாருங்கள். கடற்கரை சுத்தமாக இருந்த காலத்தில் யாரோ போட்ட முறை. அப்போது ஒரு முழு பாட்டிலையும் வடிகட்டினால்தான் நாலு புள்ளியாவது கண்ணில் படும். பிறகு கரைமேல் வீடுகள் வந்தன, வண்டி கழுவும் இடங்கள் வந்தன, மாட்டுக் கொட்டகைகள் வந்தன. முறை மட்டும் அப்படியே இருந்தது.

வழி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பாட்டிலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் வடிகட்டி எண்ணிப் பத்தால் பெருக்க வேண்டும். அதிலும் எண்ண முடியாவிட்டால் நூறில் ஒரு பங்கு. தட்டு மட்டும் மூன்று மடங்கு வேண்டும். தட்டுக்குள் ஊற்றுகிற கூழைக் காய்ச்சுகிறவளை நாங்கள் 'சமையல்' என்றுதான் கூப்பிடுவோம். அவளிடம் போய் நின்றேன். மழை எப்போது வரும் என்று மட்டும் கேட்டாள். அடுத்த வாரம் என்றேன். காய்ச்சி வைத்துவிடுகிறேன், நீ எண்ணுகிற வழியைப் பார் என்றாள்.

ஆனால் அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைதான் போட்டி.

அதைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. என் தங்கையின் மகளை வீட்டில் எல்லோரும் 'வாலு' என்போம். பிறந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை, தண்ணீரில் விட்டால்தான் அடங்குவாள். என்னைப் பெரியம்மா என்று அவள் கூப்பிடுகிற அழகுக்கே நான் அவளுக்கு எதையும் வாங்கிக்கொடுத்துவிடுவேன். அவள் கடலில் நீந்துவதைப் பார்த்தவர்கள், இந்தப் பிள்ளை எங்கேயோ போகப்போகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குத் தேர்வுக்குழு வருகிறது. முதலில் வருகிறவர்களைப் பெரிய பயிற்சி முகாமுக்கு எடுத்துக்கொள்வார்கள். அவள் வயதுப் பிரிவுக்கு இதுதான் கடைசி வருஷம். போட்டியை நடத்துகிற குழுவில் என் தங்கையும் ஒருத்தி. இடம் எது என்று கேட்கிறீர்களா? அதே கால்வாய்க்குப் பக்கத்துக் கரைதான்.

புதன்கிழமை சாயங்காலம் பிடித்த மழை வியாழக்கிழமை காலையில்தான் விட்டது. நான் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பாட்டில் பெட்டியோடு போனேன். சில நாள் வெயிலுக்குப் பிறகு கொட்டுகிற மழை ஊரையே பெருக்கித் தள்ளிக்கொண்டு வரும். கால்வாயில் என்னதான் வரவில்லை? சந்தையின் அழுகல் இலை, வண்டி கழுவிய எண்ணெய், கொட்டகைச் சாணம், யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வீடுகளிலிருந்து கால்வாயில் சொருகியிருக்கிற கழிவுக் குழாய்களின் சரக்கு, எல்லாம் நுரைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கியது. வாடை குடலைப் பிரட்டியது. பிள்ளைகள் நீந்துகிற இடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, பாட்டிலின் வாயை அலைக்கு எதிராகப் பிடித்து, விளிம்பில் விரல் படாமல் நிரப்பினேன்.

திரும்பினால் கரையில் என் தங்கை. போட்டிக்கான மிதவைகளைச் சரிபார்க்க வந்திருந்தாள்.

"இன்னிக்கு எதுக்கு எடுக்கறே? உங்க நாள் செவ்வாய்க்கிழமைதானே?"

"கிருமிக்குக் கிழமை தெரியாது."

"ஞாயித்துக்கிழமை போட்டி. அது உனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் எடுக்கறேன்."

அதற்குப் பிறகு அவள் கத்தினாள், நானும் கத்தினேன். மழை பெய்தால் எந்தக் கடலும்தான் கலங்கும் என்றாள். இத்தனை பெரிய கடலை இந்தச் சாக்கடை என்ன செய்துவிடும் என்றாள். இத்தனை வருஷம் பச்சை போட்டவர்களுக்கு இந்த வாரம்தான் கண் திறந்ததா என்றாள். அந்த ஒரு கேள்வி மட்டும் நியாயமானது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அவளுக்கு அடுத்த வருஷம் வயசு தாண்டிடும்க்கா," என்றாள். கத்தியபோது வலிக்காதது அப்போது வலித்தது. ஆனாலும் பாட்டிலை மூடிப் பெட்டிக்குள் வைத்தேன்.

நான் ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. கூடப் பிறந்தவள் தலையிலேயே கல்லைப் போடுகிறாயே என்று அம்மா போனில் ஆரம்பித்தாள். உனக்குப் பிள்ளை இருந்தால் தெரியும் என்றாள். சொன்ன வேகத்திலேயே பேச்சை மாற்றி, நீ சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். நான் வடிகட்டும் கருவியை எடுத்துவைத்து வேலையைத் தொடங்கினேன். பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்று துளி பிசகாமல் அளந்து ஊற்றினேன்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று தட்டுகளையும் விளக்கடியில் வைத்தேன். முழு பாட்டில் தட்டு முழு நீலம். பத்தில் ஒரு பங்குத் தட்டும் அதே கதி. நூறில் ஒரு பங்கு ஊற்றிய தட்டில் புள்ளிகள் தனித்தனியாக நின்றன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினேன். அறுபத்து நான்கு. நூறால் பெருக்கினால் ஆறாயிரத்து நானூறு.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்தார். நூறால் பெருக்கியதில் தவறில்லையே என்று கேட்டார். தட்டை அவர் மேசைமேலேயே வைத்து, நீங்களே எண்ணுங்கள் என்றேன். பாதிவரை எண்ணினார், அப்புறம் நிறுத்திவிட்டார். மதியத்துக்குள் பலகை சிவப்பாகிவிட்டது. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிய மனிதர், அதை நான் எங்கேயும் சொல்வேன்.

பலகை மாறிய செய்தி பரவியதும் விடுதிக்காரர்கள் எனக்குப் போன் செய்தார்கள், போட்டிக் குழுவினர் போன் செய்தார்கள், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் போன் செய்தார்கள். என் தங்கை மட்டும் செய்யவில்லை. இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் கூப்பிட்டாள்.

"போட்டியைக் கரையோரப் பாறைக்கு அந்தப் பக்கம் மாத்திட்டாங்க."

"அங்கே தண்ணி எப்படி?"

"அதைத்தான் நானும் கேட்டேன். அங்கே இதுவரைக்கும் யாரும் எடுத்துப் பார்த்ததே இல்லையாம். அதனால அங்கே ஒரு பிரச்சினையும் இல்லைங்கறாங்க."

அவளாகவே பேசினாள். பலகை சிவப்பான பிறகு, நீச்சலுக்கு வருகிற பிள்ளைகளின் வீடுகளிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்களாம். போன மழைக்கு அப்புறம் எங்கள் பையனுக்கு வயிற்றுப்போக்கு என்று ஒருத்தர், எங்கள் பெண்ணுக்கும்தான் என்று இன்னொருத்தர். ஏதோ கண்டதைத் தின்றிருக்கும் என்று அவரவர் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வாலுவுக்குக் காதில் சீழ் வைத்ததும் மழைக்கு அப்புறம்தான் என்பது அப்போதுதான் இவளுக்கு நினைவு வந்திருக்கிறது.

"நீ வந்து அந்தத் தண்ணியை எடு," என்றாள். "நீ எண்ணிச் சொன்னாத்தான் அவளை இறக்குவேன்."

சனிக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் பாறைக்கு அந்தப் பக்கம் போனோம். பார்க்க அழகான இடம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, காலடி மணல் தெரிந்தது. என் தங்கை முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். என் மனசும் இளகித்தான் போயிருந்தது. அவளே இறங்கி, நான் சொன்னபடி பாட்டிலைப் பிடித்து நிரப்பினாள். திரும்பி வரும்போது வாலு முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டாள், எவ்வளவு நேரம் தூங்கினாள் என்றெல்லாம் வழிநெடுக என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் இன்குபேட்டர் கதவைத் திறந்தபோது அவர்கள் கரையில் காத்திருந்தார்கள். கழுவாத பழைய தட்டுகள் கிடக்கின்றன என்று பொய் சொல்லிக்கொண்டு சமையலும் வந்திருந்தாள். முழு பாட்டில் தட்டில் புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நூறில் ஒரு பங்குத் தட்டில் இரண்டே புள்ளி, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பத்தில் ஒரு பங்குத் தட்டைத்தான் எண்ண வேண்டும். தட்டின் அடியில் பேனாவால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குறி போட்டுக்கொண்டே எண்ணினேன். பத்தொன்பது தனிப்புள்ளிகள். அப்புறம் ஓரத்தில் ஒன்று, மற்றதைவிடக் கொஞ்சம் நீளமாக.

அது ஒன்று என்றால் மொத்தம் இருபது. பத்தால் பெருக்கினால் இருநூறு, வரம்புக்குள். வாலு நீந்தலாம். அது ஒட்டிக்கொண்டிருக்கிற இரண்டு என்றால் இருபத்தொன்று. இருநூற்றுப் பத்து.

இரண்டு புள்ளி ஒட்டியிருந்தால் நடுவில் இடுப்பு மாதிரி ஒரு ஒடுக்கம் தெரியும் என்பது எங்கள் தொழிலில் முதல் வாரமே சொல்லித்தருகிற பாடம். மூன்று தடவை பார்த்தேன். லென்ஸை மாற்றிப் பார்த்தேன். இப்படி ஒரு புள்ளி கூடக்குறைய வருவது சகஜம் என்பதும் எனக்குத் தெரியும், இருநூறுக்கும் இருநூற்றுப் பத்துக்கும் இடையில் கடலில் ஒரு சுவர் ஒன்றும் இல்லை என்பதும் தெரியும். வாலுவின் முகம் கண்முன்னால் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, ஒன்று என்று சொல்லிவிடத்தான் ஆசைப்பட்டேன். சமையலைக் கூப்பிட்டு, எது எதற்கு என்று சொல்லாமல், இந்த ஓரத்துப் புள்ளி ஒன்றா இரண்டா என்று மட்டும் கேட்டேன். ஒன்று என்று சொல்லித்தொலை என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "ரெண்டு," என்றாள். "நடுவுல ஒடுங்கியிருக்கே, தெரியலையா?"

தெரிந்தது. முதல் தடவையே தெரிந்தது.

தங்கையைக் கூப்பிட்டேன். ஒலிபெருக்கியில் பிள்ளைகளின் பெயர்களை யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு?"

"இருநூத்திப் பத்து."

"பத்துதானேக்கா..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்புறம் போன் கை மாறியது.

"பெரியம்மா, நீங்களே எண்ணினீங்களா?" வாலுவின் குரல்.

"நானேதான்."

"எத்தனை தடவை?"

"மூணு தடவைடா. சமையல் அத்தையையும் பார்க்கச் சொன்னேன்."

ஒலிபெருக்கியில் அடுத்த பெயரைக் கூப்பிடுவது போனில் கேட்டது.

"சரி, பெரியம்மா. நான் போய் டிரெஸ் மாத்திக்கறேன். குளிருது."

போனை வைத்துவிட்டு அழுதேன். ஆய்வகத்தில் அழக்கூடாது என்று எங்கேயும் எழுதிப்போடவில்லை. சமையல் பக்கத்தில் நின்று தட்டுகளைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நடந்ததை அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் தங்கை ஒலிபெருக்கியை வாங்கி எண்ணைச் சொல்லியிருக்கிறாள். சிலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பலர் போகவில்லை, பலகையே இல்லாத கரையில் யார் எதை மூடுவது என்று குழுவினர் கேட்டிருக்கிறார்கள். விசில் ஊதினார்கள், போட்டி நடந்தது. தேர்வுக்குழு மூன்று பேரை எடுத்துக்கொண்டு போனது. முதலாவதாக வந்த பெண்ணை வாலு பயிற்சியில் ஒவ்வொரு வாரமும் தோற்கடித்திருக்கிறாள்.

மதியம் இரண்டு பேரும் ஆய்வகத்துக்கு வந்தார்கள். போட்டி நாளில் வாலுவின் தலைமுடி காய்ந்து கிடந்ததைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவள் விறுவிறு என்று உள்ளே வந்து, அந்தத் தட்டைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். லென்ஸில் கண்ணை வைத்து விரலால் காற்றில் குறி போட்டுக்கொண்டே எண்ணினாள். அந்த ஓரத்துப் புள்ளிக்கு வந்ததும் நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள். என் தங்கை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டுதான்," என்றாள் வாலு.

நிமிர்ந்தபோது அவள் கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. கால்வாய் எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக அது முடிகிற இடத்தில்தான் தண்ணீர் எடுத்திருக்கிறேன், ஆரம்பிக்கிற இடத்தை ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. அதை அப்படியே சொன்னேன்.

"அப்போ நடந்து பார்க்கலாம்," என்றாள். "ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு பாட்டில் எடுக்கணும், பெரியம்மா. எது யாரோடதுன்னு தெரியணும்."

சமையலைப் பார்த்தேன். அவள் அதற்குள் அடுப்பைப் பற்றவைத்திருந்தாள்.